மாமாவின் உயரத்துக்கு வைத்த ஹாண்டில்

எங்கள் பக்கத்து முஸ்லிம் ஊர்களில் கல்யாணம் முடிந்தால் வீட்டை விட்டுப் போகிறவன் மாப்பிள்ளைதான். வீடு பெண்ணுக்குச் சீதனமாக எழுதப்பட்டிருக்கும். அவள் பிறந்த வளவிலேயே இருப்பாள். அவன் தன் உடுப்புகளை ஒரு பெட்டியில் போட்டுக்கொண்டு அவள் வீட்டுக்குப் போவான். நான் அப்படி மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்றுக்குப் போய்ச் சேர்ந்தது சூறாவளி அடித்ததற்கு அடுத்த வருடம். பஸ்ஸில் போகும்போது வழி நெடுகத் தென்னைகள் தலையில்லாமல் நின்றன. எனக்கு அப்போது இருபத்தைந்து வயது இருக்கும். அரசாங்கம் நெல் வாங்கும் களஞ்சியம் ஒன்றில் கிளாக்கர் வேலை.

மருதமுனையில் எங்களுடையது தறி வீடு. விடிந்தால் சத்தம் தொடங்கிவிடும். ஒருவரோடு ஒருவர் கதைக்க வேண்டுமென்றால் கத்தித்தான் கதைக்க வேண்டும். அந்தச் சத்தத்துக்குள் வளர்ந்தவனுக்கு அக்கரைப்பற்று வீட்டின் அமைதி தாங்கவில்லை. அங்கே இருந்தது இரண்டே பேர். என் மனைவி, அவளுடைய உம்மா. மனைவியின் வாப்பா எங்கள் கல்யாணப் பேச்சு முடிந்த சில மாதங்களில் மௌத்தாகிவிட்டார். மாமி நாலு மாதமும் பத்து நாளும் வெளியே வராமல் இத்தா இருந்து முடித்த பிறகே எங்கள் நிக்காஹ் நடந்தது.

மாமி மருமகனோடு நேரே கதைக்கமாட்டார். அவன் முன்னால் வரவும் மாட்டார். அது மரியாதை. எங்கள் ஊரிலும் அதுதான் வழக்கம் என்பதால் நான் அதைப் பற்றி முன்பு யோசித்ததே இல்லை. அந்த மரியாதை எனக்குச் செய்யப்படும்போதுதான் அது எப்படி இருக்கும் என்று தெரிந்தது. மனைவி மண்டபத்தில் பாய் விரித்து, சோற்றையும் கறிகளையும் மூடிக் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கதவோரம் நிற்பாள். நான் தனியே இருந்து சாப்பிடுவேன். இறைச்சியில் நல்ல துண்டெல்லாம் எனக்கு வந்துவிடும். நான் கை கழுவிய பிறகு அவர்கள் இருவரும் குசினிக்குள் இருந்து சாப்பிடுவார்கள். அப்போது அங்கே மெல்லிய சிரிப்புச் சத்தம் கேட்கும். தண்ணீர் குடிக்க நான் அந்தப் பக்கம் எழும்பினால் போதும், சிரிப்பு நின்றுவிடும். பிறகு எனக்குத் தாகமெடுத்தாலும் எழும்புவதில்லை.

களஞ்சியம் ஊருக்கு மேற்கே, வயல்களுக்கு நடுவில், ஆறேழு மைல் தூரத்தில் இருந்தது. முதலில் நெல் ஏற்றும் உழவு இயந்திரங்களில் தொற்றிக்கொண்டு போனேன். நெல் வராத நாட்களில் நடை. ஒருநாள் புழுதியும் வியர்வையுமாக வந்து சேர்ந்தபோது மனைவி சொன்னாள்:

“வாப்பாட சைக்கிள எடுத்துட்டுப் போகட்டாம். உம்மா சொன்ன.”

சைக்கிள் பின்விறாந்தையில் ஒரு பழைய சேலையால் மூடப்பட்டு நின்றது. கறுப்புச் சைக்கிள், கம்பிப் பிரேக் வைத்தது. மாமா அதில்தான் வயலுக்கும் பள்ளிவாசலுக்கும் சந்தைக்கும் போய்வந்தார். வெள்ளிக்கிழமைகளில் மாமி அதைத் துடைத்து வைப்பார் என்று மனைவி சொன்னாள். சேலையை எடுத்துப் பார்த்தபோது அது நேற்றுத்தான் யாரோ இறங்கி வைத்த மாதிரி இருந்தது.

மாமா கட்டையான மனிதர். சீட்டும் ஹாண்டிலும் அடியோடு இறக்கப்பட்டிருந்தன. நான் எங்கள் ஊரில் நெட்டையன் என்று பேர் வாங்கியவன். முதல் நாள் ஓடியபோது முழங்கால் ஹாண்டிலில் இடித்தது. சீட்டை உயர்த்துவது லேசு. நட்டை இளக்கி இழுத்தால் வந்துவிடும். அதைக் களஞ்சியத்தில் வைத்தே செய்துவிட்டேன். ஹாண்டில் வரவில்லை. கடற்காற்றில் தண்டு உள்ளே துருப்பிடித்து இறுகியிருந்தது. சீட்டு மேலே, ஹாண்டில் கீழே. நான் எதையோ தேடுகிறவன் மாதிரி குனிந்துகொண்டே ஓடினேன். உடம்பின் பாரமெல்லாம் மணிக்கட்டில் விழுந்தது. களஞ்சியம் போய்ச் சேரும்போது சின்ன விரல்கள் இரண்டும் விறைத்திருக்கும். பேனை பிடித்தால் எழுத்து கோணும். பின்னேரம் கழுத்தைத் திருப்ப முடியாது.

கடையில் கொடுத்துச் செய்திருக்கலாமே என்று கேட்பீர்கள். சந்தியில் ஒரு சைக்கிள் கடை இருந்தது. காற்றடிக்கப் போனபோது கடைக்காரர் சைக்கிளைக் கண்டதும் எழும்பி வந்து அதன் சட்டத்தில் கைவைத்தார்.

“உங்கட மாமாட சைக்கிள் இது, தம்பி. நான்தான் பூட்டிக் குடுத்த. இத்தின வருசத்துக்கும் ஒரு சாமான் மாத்தல்ல. அவர் வச்ச மாதிரியே இரிக்கி, பாருங்க.”

அவருடைய கண் கலங்கிவிட்டது. அந்த ஆளிடம் ஹாண்டிலை உயர்த்தித் தாருங்கள் என்று எப்படிக் கேட்பது? காற்றை அடித்துக்கொண்டு வந்துவிட்டேன். வேறு கடைக்குக் கொண்டுபோனால் அது இவருடைய காதுக்கு வரும். மனைவியிடம் ஒருமுறை சொன்னேன். “உம்மாட்டக் கேக்கணும்,” என்றாள். அவள் கேட்கவில்லை. கேட்டியா என்று நானும் கேட்கவில்லை. கல்யாணமாகி அப்போதுதான் சில மாதங்கள். எங்களுக்குள் அவ்வளவு கதை இருக்கவில்லை.

அந்தக் குனிவு இன்னொரு வேலையும் செய்தது. குனிந்து ஓடுகிறவனுக்குத் தெரிவது முன்னால் சுழலும் சில்லும் அதற்கு அப்பால் கொஞ்ச ரோட்டும்தான். தலையை நிமிர்த்தினால் கழுத்து வலித்தது. வழியில் ஆட்கள் நின்றார்கள், கடையில் இருந்தார்கள், வேலிக்கு மேலால் பார்த்தார்கள். நான் ஒருவரையும் காணவில்லை. சிலர் எனக்குச் சலாம் சொல்லியிருக்கிறார்கள். காற்றில் அது எனக்குக் கேட்கவில்லை, கேட்டாலும் யார் சொன்னதென்று திரும்புவதற்குள் கடந்துவிடுவேன். புதிதாக ஒரு ஊருக்கு மாப்பிள்ளையாக வந்தவன் சலாம் சொல்லாமலும் சொன்ன சலாமுக்குப் பதில் தராமலும் போனால் ஊர் என்ன நினைக்கும்?

எனக்கு அது தெரியவே இல்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம், வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போனால் பக்கத்தில் இருக்கிறவர்கள் முகம் கொடுக்கவில்லை என்பதுதான். தொழுகை முடிந்து ஆட்கள் வாசலில் கூடி நின்று கதைப்பார்கள். நான் போய் ஓரமாக நிற்பேன். கொஞ்ச நேரத்தில் அந்தக் கூட்டம் வேறு பக்கம் நகர்ந்திருக்கும். தேத்தண்ணிக் கடையில் எனக்கு முன்னால் கிளாஸை வைத்துவிட்டுப் போவார்கள். ஒருவரும் ஊர் எப்படி, வேலை எப்படி என்று கேட்பதில்லை. இந்த ஊர் ஆட்கள் இப்படித்தான் போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒருநாள் பின்னேரம் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு மனைவி வழக்கத்துக்கு மாறாகப் பாயின் ஓரத்தில் இருந்தாள். சேலை நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

“நீங்க ஆக்களுக்குச் சலாம் சொல்றல்லயாம்?”

“ஆர் சொன்ன?”

“எல்லாரும் சொல்றாங்க. மருதமுனை மாப்பிளக்கிப் பெருமையாம். கவர்மேந்து உத்தியோகமாம், நிலத்தப் பாத்துட்டுத்தான் போவாராம். உம்மாட மூத்தம்மா முறையான ஒராள் ஊட்ட வந்து சொல்லிட்டுப் போற.”

“நான் ஒருத்தரையும் காணல்ல,” என்றேன்.

“எப்பிடிக் காணாமப் போகும்? ரோட்டு முழுக்க ஆக்கள்தானே.”

“எனக்குத் தல நிமித்த ஏலாது. ஹாண்டில் பதிவு, கீழ கிடக்கு.”

அவள் என் கைகளைப் பார்த்தாள். சோற்றைப் பிசையும்போது அந்தச் சின்ன விரல்கள் இரண்டும் மடியாமல் நீட்டிக்கொண்டு நின்றன. அவள் எழும்பித் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஒரு மரண வீட்டுக்குப் போகவேண்டும் என்று மாமியும் மனைவியும் உடுத்திக்கொண்டிருந்த சத்தம் கேட்டது. பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வந்தபோது வீடு பூட்டியிருந்தது. களஞ்சியத்திலிருந்து இரவல் வாங்கிவந்த ஸ்பானரையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு பின்விறாந்தைக்குப் போனேன். இரண்டு மூன்று நாட்களாகத் தண்டின் வாயில் மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்திருந்தேன். மேலே இருந்த பெரிய ஆணி கஷ்டப்பட்டு இளகியது. அந்த ஆணியின் தலையில் தட்டினால் உள்ளே இருக்கும் ஆப்பு கழன்று கீழே விழும், பிறகு ஹாண்டிலைத் திருகி மேலே இழுக்கலாம். இதெல்லாம் எனக்குத் தெரியும். தட்டினேன். அசையவில்லை. பலமாகத் தட்டினேன். முன்சில்லை முழங்கால்களுக்கு நடுவில் பிடித்துக்கொண்டு ஹாண்டிலை முறுக்கினேன். சில்லும் சேர்ந்து திரும்பியது. கோபம் வந்துவிட்டது. அந்த ஊர், அந்தச் சந்தி, வாசலில் நகர்ந்து போகிற கூட்டம், எல்லாவற்றையும் நினைத்துக்கொண்டு சுத்தியலை ஓங்கி அடித்தேன். ஆணியின் தலை சிதைந்தது. அடி வழுக்கி ஹாண்டிலில் பட்டது, வெள்ளி முலாம் செதில் செதிலாகப் பறந்தது.

நிமிர்ந்தால் வேலிக் கடப்படியில் மாமி நின்றார்.

மனைவி எங்கேயோ பின்னால் வந்துகொண்டிருக்க வேண்டும். மாமி தனியே முதலில் வந்துவிட்டார். நான் அவருடைய முகத்தை முழுதாகப் பார்த்தது அன்றைக்குத்தான். அவர் முக்காட்டை இழுக்கவும் மறந்து என் கையிலிருந்த சுத்தியலையும் சைக்கிளையும் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வந்த வழியே திரும்பி வேலிக்கு அப்பால் போய்விட்டார். விளக்கம் சொல்லவும் வழியில்லை, அவரோடு நான் கதைக்கக் கூடாது.

அடுத்த நாள் விடிய, விறாந்தையில் சைக்கிள் இல்லை. அதை மூடியிருந்த சேலையும் இல்லை. மாமியின் அறைக் கதவு சாத்திப் பூட்டியிருந்தது. மனைவி தேத்தண்ணியைத் தந்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் போனாள். நான் அந்தத் தேத்தண்ணியைக் குடிக்கவில்லை. “உம்மாவப் பாக்கப் போறன்,” என்று மட்டும் குசினிப் பக்கம் பார்த்துச் சொல்லிவிட்டு, நடந்து போய்ச் சந்தியில் பஸ் ஏறினேன். திரும்பி வருவது பற்றி ஒன்றும் நினைக்கவில்லை.

மருதமுனையில் உம்மா சந்தோஷப்பட்டார். தறிச் சத்தம் தூரத்திலேயே கேட்டது. ஆனால் அந்த வீடு இப்போது என் தங்கச்சியின் வீடு. நான் படுக்கும் மூலையில் நூல் கட்டுகள் அடுக்கியிருந்தார்கள். தங்கச்சியின் மாப்பிள்ளை சாய்ந்தமருதைச் சேர்ந்தவர். எனக்கு முந்தியே கல்யாணம் முடித்து எங்கள் வீட்டுக்கு வந்தவர். நான் அந்த வீட்டில் இருந்த காலத்தில் அவரோடு ஒன்றாக எத்தனையோ மாதம் இருந்திருக்கிறேன்.

பகல் சாப்பாட்டுக்குத் தங்கச்சி எங்கள் இருவருக்கும் ஒரே பாயில் வைத்தாள். உள்ளே உம்மாவின் குரல் கேட்டது: “மாப்பிளக்கி அந்த மீன் தலைய வை புள்ள.” தங்கச்சி வைத்தாள். மச்சான் தலை குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நானும் இருந்ததால் அன்றைக்கு அவருக்குப் பேச்சுத் துணை இருந்தது.

“மச்சான், நீங்க இருந்தாத்தான் இந்தப் பாயில ரெண்டு பேர்,” என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

“மத்த நாளெல்லாம்?”

“மத்த நாள் நானும் மீன் தலயும்தான்.”

சாப்பிட்டு முடித்து இருவரும் வெளியே மர வாங்கில் இருந்தோம். அவர் பல்லுக்குள் குச்சி விட்டுக்கொண்டு, தன் உம்மா வீட்டுக்குப் போகும்போது கடற்கரையில் வலை இழுக்கிறவர்களோடு நின்று வீணாய்க் கதைத்துவிட்டு வருவதாகச் சொன்னார். “ஒண்டுமில்ல, சும்மா. சத்தம் போட்டுக் கதச்சாத்தான் எனக்குச் சாப்பாடு செமிக்கிற.” பிறகு கேட்டார்: “நீங்க ஏன் மச்சான் தனிய வந்த? சண்டையா?”

“இல்ல,” என்றேன். “சைக்கிள் கொஞ்சம் பிழை.”

அவர் மேலே கேட்கவில்லை. அந்தி பட உம்மா என்னைத் தனியே கூப்பிட்டு, “எப்ப போறாய்?” என்று கேட்டார். இரு என்று சொல்லவில்லை. சொல்ல அவருக்கும் இடமில்லை. அடுத்த நாள் வெள்ளனவே பஸ் ஏறிவிட்டேன்.

அக்கரைப்பற்றில் இறங்கி வளவுக்குள் நுழைந்தபோது சைக்கிள் முற்றத்தில் நின்றது. ஹாண்டில் உயர்ந்திருந்தது. மிகவும் உயர்ந்திருந்தது, தண்டு நீண்டு மாட்டின் கொம்பு மாதிரி நின்றது. புது ஆணி போட்டிருந்தார்கள். பிரேக் கம்பியையும் இடையில் ஒரு துண்டு வைத்து நீட்டியிருந்தார்கள். மனைவி ஓடிவந்தாள். அவள் ஓடி நான் கண்டதில்லை.

“எங்க போன நீங்க? ஓடிட்டீங்க எண்டு உம்மா சொன்ன.”

“இது ஆர் செஞ்ச?”

அவள் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். வெள்ளிக்கிழமை அன்று மாமி அழுதிருக்கிறார். மாமா தொட்ட சாமானை நான் சுத்தியலால் அடிக்கிறேன் என்று சொல்லி, சைக்கிளைத் தன் அறைக்குள் கொண்டுபோய் வைத்துப் பூட்டியிருக்கிறார். நான் பஸ் ஏறிப் போன பிறகு மனைவி தன் உம்மாவிடம் வாழ்க்கையில் முதல் தடவையாகக் குரலை உயர்த்தியிருக்கிறாள். “அவருக்குக் கை விறைக்கிதும்மா. சோறு பிசைய ஏலாம இரிக்கார். தல நிமித்த ஏலாமத்தான் சலாம் சொல்றல்ல. உங்களுக்கு வாப்பாட சைக்கிள் பெரிசா?” மாமி கொஞ்ச நேரம் கட்டிலில் இருந்தாராம். பிறகு முக்காட்டைப் போட்டுக்கொண்டு, சைக்கிளைத் தானே உருட்டிக்கொண்டு, பின்னொழுங்கையால் சந்திக்குப் போனாராம். மாமா மௌத்தான நாளிலிருந்து அவர் சந்திப் பக்கம் போனதே இல்லை.

“கடைக்காரர் பயந்துட்டாராம்,” என்றாள் மனைவி. “உம்மா ஒண்டுதான் சொன்னயாம். மாப்பிள நெட்டை, உசத்தி வைங்க எண்டு. அவர் உசத்தோ உசத்தெண்டு உசத்தி வச்சிட்டார்.”

நான் ஏறி இருந்து பார்த்தேன். கைகள் நெஞ்சுக்கு நேரே தூக்கி நின்றன. அப்போது குசினிக் கதவுக்குப் பின்னால் இருந்து குரல் வந்தது. சேலையின் கரை மட்டும் தெரிந்தது.

“புள்ள, தட்டம் தூக்கிட்டுப் போற மாதிரி இரிக்கார். கொஞ்சம் பதிக்கச் சொல்லு.”

மனைவி என் பக்கம் திரும்பினாள். “பதிக்கட்டாம்.”

“ஓம், கேட்டிச்சி,” என்றேன்.

அவள் கதவின் பக்கம் திரும்பினாள். “கேட்டிச்சாம்.”

இறங்கி ஸ்பானரை எடுத்தேன். புது ஆணி, கிறீஸ் பூசியது, லேசாக இளகியது. மரத்துண்டு ஒன்றை வைத்து மெல்லத் தட்டினேன்; உள்ளே ஆப்பு கழன்ற சத்தம் கேட்டது. ஹாண்டிலைத் திருகிக் கொஞ்சம் இறக்கினேன். இறக்கியதும் பிரேக் கம்பி தொய்ந்து ரப்பர் கட்டை றிம்முக்கு எட்டாமல் போனது. அதன் நட்டையும் இளக்கி அளவுபடுத்தினேன். மனைவி பின்னால் கரியரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“ஏறி இருக்கச் சொல்லு.”

“ஏறி இருக்கட்டாம்.”

ஏறினேன்.

“முதுகு இன்னும் வளையிதா எண்டு கேளு.”

“வளையிதா?”

“கொஞ்சம்.”

“கொஞ்சமாம்மா.”

“அப்ப ஒரு விரக்கட அளவு உசத்தச் சொல்லு. முழங்கை லேசா மடியணும். நீட்டியும் இருக்கப்படாது.”

உயர்த்தினேன். மறுபடி ஏறினேன். இப்போது தோள் தளர்ந்தது. கைப்பிடியில் கை தானாகப் போய் இருந்தது, பாரம் தாங்க வேண்டியிருக்கவில்லை. முன்னால் வேலியும், வேலிக்கு மேலால் அடுத்த வளவின் முருங்கையும் தெரிந்தன. நான் வாய் திறப்பதற்கு முன்னால் அந்தக் குரல் சொன்னது:

“இப்ப சரி. ஆனா ஒரு பக்கம் சரிஞ்சிரிக்கி. இஞ்சாலப் பக்கம் திருப்பச் சொல்லு.”

மேலே இருந்து பார்க்கிறவனுக்கு அது தெரியாது. முன்னால் நிற்கிறவருக்குத்தான் தெரியும். சில்லை முழங்கால்களுக்குள் இறுக்கி, ஹாண்டிலை அவர் சொன்ன பக்கம் திருப்பி ஆணியை முறுக்கினேன். அப்போது அவர் இன்னொன்றும் சொன்னார். அது மனைவிக்குச் சொன்னதா, தனக்கே சொன்னதா தெரியாது.

“வாப்பா வந்து சொன்னயே, மாப்பிள நல்ல நெடிய புள்ள எண்டு. எனக்கு நினைப்பில்லாமப் போச்சி.”

மனைவி அதை எனக்கு எடுத்துச் சொல்லவில்லை. நான் ஆணியை முறுக்கிக்கொண்டே இருந்தேன், அது இறுகிய பிறகும்.

திங்கட்கிழமை விடிய ஓடியபோது கண்ட எல்லோருக்கும் சலாம் சொன்னேன். என்னைப் பார்க்காதவர்களுக்கும் சொன்னேன். சிலர் திடுக்கிட்டார்கள். சந்தித் தேத்தண்ணிக் கடையில் இருந்த ஒருவர் பதில் சலாம் சொல்லிவிட்டு, “மாப்பிளக்கி இன்டைக்குத்தான் கண் திறந்திரிக்கி,” என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது கேட்டது. சைக்கிள் கடைக்காரர் கையை உயர்த்தினார், ஆனால் ஹாண்டிலைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவருக்கு அது மனவருத்தம்தான். பின்னால் காற்றடிக்கப் போகும்போதெல்லாம் பம்பை என் கையில் தந்துவிடுவார்.

விரல் விறைப்பு ஒரு மாதத்துக்குள் போய்விட்டது. கழுத்து வலியும் போனது. ஆனால் நிமிர்ந்து ஓடுகிறவனுக்கு வேறு தொல்லைகள் உண்டு. கச்சான் காற்று மேற்கிலிருந்து அடிக்கும் மாதங்களில் அது நேரே நெஞ்சில் வந்து மோதியது. முன்பு குனிந்து அதற்கு அடியால் நுழைந்து போயிருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது. சில நாட்கள் இறங்கி உருட்டிக்கொண்டு போனேன். இன்னொன்று, குனிந்து ஓடிய காலத்தில் எனக்குத் தெரிந்தது முன்சில்லும் என் நிழலும்தான். இப்போது ஊர் முடிந்து வயல் தொடங்கியதும் ரோட்டு எவ்வளவு தூரத்துக்கு வெறுமையாகக் கிடக்கிறது என்று தெரிந்தது. அறுவடை முடிந்த வயல் வட்டையில் ஒரு மாடும் இருக்காது. அவ்வளவு தூரத்தையும் பார்த்துக்கொண்டே ஓட வேண்டும்.

சலாமும் அப்படித்தான். ஊருக்கு என்மேல் இருந்த கோபம் தீர்ந்தது. பள்ளி வாசலில் இடம் விட்டார்கள். சலாம் சொன்னார்கள், நான் பதில் சொன்னேன், கடந்து போனேன். சைக்கிளை நிறுத்திக் காலை ஊன்றி நின்று கதைக்கிற அளவுக்கு ஒருவரும் எனக்குக் கிடைக்கவில்லை. சாய்ந்தமருது மச்சான் சொன்னது போல் சத்தம் போட்டுக் கதைக்க வேண்டும் என்று சில பின்னேரங்களில் இருக்கும். வயல் நடுவில் தனியே ஓடும்போது ஏதாவது உரக்கச் சொல்லிப் பார்ப்பேன். நெல்விலை, பஸ் நேரம், எதையாவது. பிறகு யாரும் கேட்டுவிட்டார்களோ என்று திரும்பிப் பார்ப்பேன்.

எங்களுக்குப் பிள்ளை கிடைக்கவில்லை. மாமி இன்னும் சில வருடங்கள் இருந்தார். அவ்வளவு காலத்திலும் என்னோடு நேரே ஒரு வார்த்தை கதைத்ததில்லை. நான் வர நேரமானால் “சுணங்கிட்டார், என்ன எண்டு பாரு” என்பார். காய்ச்சல் வந்தால் “கொத்தமல்லி அவிச்சுக் குடு” என்பார். எல்லாம் மகளுக்குச் சொல்வது. நான் கேட்டுக்கொண்டிருப்பேன். என் மனைவியும் நானும்கூட அந்த வழியாகவே கதைக்கப் பழகிவிட்டோம். எனக்கு ஏதாவது வேண்டுமென்றால் “உம்மாட்டச் சொல்லு” என்பேன். அவளுக்கு என்மேல் ஏதாவது குறை என்றால் “உம்மா கேட்ட” என்று தொடங்குவாள்.

எண்பதுகளின் நடுவில் சண்டையால் ரோட்டில் போக்குவரத்து அடிக்கடி நின்றுபோன காலத்தில் களஞ்சியத்தை மூடிவிட்டார்கள். எனக்கு ஊருக்குள்ளேயே ஒரு காரியாலயத்தில் வேலை தந்தார்கள். நடந்து போகிற தூரம். அதற்கு அடுத்த மாரியில் மாமி படுக்கையில் விழுந்தார். நான் மருந்து வாங்கி வந்து கதவோரம் வைப்பேன். கடைசி நாட்களில் அவருக்கு ஆட்களைத் தெரியவில்லை. அப்போதும் நான் அறை வாசலில் நின்றால் கை முக்காட்டைத் தேடும்.

அவர் மௌத்தான பிறகு வீட்டில் நாங்கள் இருவர். மனைவி இப்போது ஒரே பாயில் என்னோடு இருந்து சாப்பிட்டாள். அவள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். ஒருவருக்கு ஒருவர் சொல்லிவிட இடையில் ஆளில்லை. ஒரு வார்த்தையைத் தொடங்குவது எப்படி என்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. அவள் கறிச்சட்டியை என் பக்கம் தள்ளுவாள். போதும் என்று நான் கையால் காட்டுவேன். கோபம் ஒன்றுமில்லை.

அந்தக் காலத்தில்தான் வேலை ஒன்றும் இல்லாமலே அஸருக்குப் பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு கடற்கரைப் பக்கம் போகப் பழகினேன். மணலில் சில்லு புதையும் இடம் வரை ஓடுவேன், இறங்கிக் கொஞ்சம் நிற்பேன், திரும்பி வருவேன். ஒருநாள் பின்னேரம் நான் கடப்படியில் சைக்கிளை இறக்கும்போது மனைவி குசினியிலிருந்து வந்து விறாந்தைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“எங்க போறீங்க?”

“சும்மா. கடக்கரைக்கி.”

அவள் இன்னும் ஏதோ கேட்கப்போவது போல் நின்றாள். பிறகு, “மஃரிபுக்கு முந்தி, இருட்ட முதல் வாங்க. தனியப் பயமா இரிக்கி,” என்றாள்.

“ஓம்,” என்றேன். அன்றைக்கு மணல் வரை போகவில்லை. பாதி வழியிலேயே திரும்பிவிட்டேன்.